நாய்க்கு ஊசி, எலிக்குப் பொறி: இரண்டும் ஒன்றா?

கேள்வி: எங்கள் நாய் மணிக்கு 14 வயது. சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. சில மாதங்களாக மருந்து, சலைன் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது சாப்பாட்டைத் தொடுவதே இல்லை, வாந்தி வேறு. ஊசி போட்டு வழியனுப்பிவிடலாம் என்கிறார் மருத்துவர். என் மாமனார் கூடவே கூடாது என்கிறார். "உயிரைக் கொடுத்தது நாமா? எடுக்க நாம் யார்? அதன் வினையை அது அனுபவித்துத்தான் போக வேண்டும்" என்பது அவர் வாதம். இதே வீட்டில் சாமான் அறையில் எலித்தொல்லை. அதற்குப் பசை அட்டை வாங்கி வைத்தவரும் அவரேதான். போன வாரம் ஒரு எலி அதில் ஒட்டிக்கொண்டு இரவு முழுக்கக் கீச்சிட்டது. காலையில் பார்த்தால் உயிரோடு இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அட்டையை அப்படியே மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பக்கத்தில் நின்ற என் 9 வயது மகள், "எலின்னா கொல்லலாம், மணின்னா கொல்லக் கூடாதா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. கொல்வதும் இரக்கமும் ஒரே மனிதரிடம் சேர்ந்து இருக்க முடியுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகளின் கேள்வியைப் பெரியவர்கள் கேட்பதில்லை. கேட்டால் இரண்டில் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டி வரும்.

நான் கால்நடை மருத்துவன். உயிரைக் காக்கத்தான் படித்தேன். உயிரை எடுக்கும் மருந்தும் என் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. எனவே கொல்வது எப்போதுமே தவறு என்று உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. அதே சமயம், "பாவம், வலிக்காமல் போகட்டும்" என்று சொல்லிவிட்டால் எந்தக் கொலையும் சரியாகிவிடும் என்று நினைப்பவனும் இல்லை. அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஆரோக்கியமான நாய்களை என்னிடம் கூட்டிவந்தவர்கள் உண்டு.

உங்கள் கடிதத்தில் இரண்டு சாவுகள் இருக்கின்றன. அவற்றை ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதால்தான் குழப்பம். மணியின் சாவு யாருக்காக? மணிக்காக. எலியின் சாவு யாருக்காக? உங்களுக்காக. மணிக்கு ஊசி போடுவதென்றால் அதற்கு இரக்கம் மட்டும்தான் காரணமாக இருக்க முடியும். வேறு காரணம் இருந்தால் போடக் கூடாது. எலியைக் கொல்வதற்குக் காரணம் உங்கள் தேவை. அங்கே இரக்கத்துக்கு வேறு வேலை: வேறு வழி உண்டா என்று பார்க்க வைப்பது, இல்லையென்றால் எந்த முறையைத் தொடவே கூடாது என்று கையைப் பிடிப்பது.

இந்தச் சர்ச்சை பழையது. 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி தீராத நோயில் வேதனைப்பட்டுக்கொண்டு கிடந்தது. இனிப் பிழைக்காது என்று தெரிந்ததும் காந்தி ஒரு மருத்துவரை வரவழைத்து, தன் முன்னிலையிலேயே அதற்கு விஷ ஊசி போடச் செய்தார். மூடி மறைக்காமல் பத்திரிகையில் எழுதவும் செய்தார். கோபக் கடிதங்கள் வந்து குவிந்தன. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கட்டுரையின் இன்னொரு பாதி. ஆசிரமத்துப் பயிரைக் குரங்குகள் நாசம் செய்துகொண்டிருந்தன. அவற்றை என்ன செய்வது என்ற சங்கடத்தையும் அதிலேயே எழுதியிருந்தார். கன்றைக் கொன்றது அகிம்சைதான் என்று வாதிட்ட அதே மனிதர், குரங்கைக் கொல்ல நேர்ந்தால் அது ஹிம்சைதான் என்றார். கன்றைக் கொன்றது கன்றின் நலனுக்காக. குரங்கைக் கொன்றால் அது நம் நலனுக்காக. தவிர்க்க முடியாமல் செய்ய வேண்டி வந்தாலும் அதற்கு நல்ல பெயர் சூட்டிக்கொள்ள அவர் தயாராக இல்லை. உங்கள் வீட்டுக்கு இந்த நேர்மை போதும் என்று நினைக்கிறேன்.

சரி, முதலில் மணி.

நாயின் சிறுநீரகங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு வேலை நின்ற பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு ஏறவே தொடங்கும். அதனால் நோய் கண்டுபிடிக்கப்படும் நாளே தாமதமான நாள். அதன் பிறகும் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், நன்றாக இருக்கும் நாய்கள் உண்டு. கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் நான்காம் நிலை, அதாவது கடைசிக் கட்டம் என்று வைத்திருக்கிறோம். உங்கள் மருத்துவரிடம் இந்த எண்ணைக் கேளுங்கள். ஆனால் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நாயைப் பாருங்கள்.

எதைப் பார்ப்பது? வலித்தால் நாய் கத்தும் என்று பலர் நினைக்கிறார்கள். நாள்பட்ட வேதனையில் இருக்கும் நாய் பெரும்பாலும் சத்தமே போடாது. சிறுநீரகம் கெட்ட நாய் தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் போய்த் தலையைத் தொங்கவிட்டபடி நிற்கும். குடிக்காது, நகரவும் செய்யாது. தாகம் இருக்கிறது, வாயை வைத்தால் குமட்டுகிறது. உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்கும். வாயைத் திறந்து பார்த்தால் நாக்கின் ஓரத்திலும் ஈறிலும் புண் தெரியும். மூச்சில் அமோனியா வாடை அடிக்கும். ராத்திரியில் ஒரு இடத்தில் படுக்காது. படுக்கும், எழும், இடம் மாறும், மறுபடி படுக்கும். மணியிடம் இதில் எத்தனை இருக்கிறது என்று இன்றைக்கே கவனியுங்கள்.

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லாலோபோஸ் ஓர் அளவுகோல் வகுத்திருக்கிறார். வலி, பசி, உடம்பின் நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்பது. இந்த ஏழுக்கும் தலா 10 மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் வந்தால் தொடர்ந்து பராமரிக்கலாம். இதை நான் பலருக்குக் கொடுக்கிறேன். ஒரே ஒரு மாற்றம் செய்யச் சொல்வேன்: வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்காமல் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். மாமனாரையும் போடச் சொல்லுங்கள். தத்துவத்தில் முட்டிக்கொள்பவர்கள் மதிப்பெண் போடும்போது பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுவார்கள்.

மாமனாரின் வாதத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். உயிரை எடுக்கும் உரிமை கையில் வந்தால் மனிதன் அதைத் துஷ்பிரயோகம் செய்வான் என்ற பயம் அதற்குள் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. வீடு மாறுகிறோம், குழந்தை பிறந்திருக்கிறது, வெளியூர்ப் பயணம் வருகிறது என்று ஊசி கேட்பவர்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்னும் நுட்பமான ஒரு வகை உண்டு. பராமரித்துக் களைத்துப்போனவர்கள், தங்கள் களைப்பை நாயின் வேதனை என்று நினைத்துக்கொள்வார்கள். களைப்பது குற்றமில்லை. ஆனால் அதைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். "இன்னொருவர் வந்து ஒரு வாரம் பார்த்துக்கொண்டால் அப்போதும் ஊசி போடச் சொல்வேனா?" என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

ஆனால் "வினையை அனுபவித்துத்தான் போக வேண்டும்" என்பதில் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அப்படியானால் சலைன் எதற்குப் போட்டோம்? வாந்தியை நிறுத்தும் ஊசி எதற்கு? மணி காட்டில் இருந்திருந்தால் சாப்பிட முடியாமல் போன சில நாட்களிலேயே கதை முடிந்திருக்கும். இத்தனை மாதம் அதை இழுத்துக்கொண்டு வந்தது நம் கைதான். அன்பினால்தான் செய்தோம், நல்லதுதான் செய்தோம். ஆனால் சாவைத் தள்ளிப்போட்ட கை, அந்தத் தள்ளிப்போட்ட நாட்களில் வரும் வேதனைக்கு மட்டும் நான் பொறுப்பில்லை என்று ஒதுங்க முடியாது. இயற்கை என்ற இடத்தை நாம் எப்போதோ தாண்டி வந்துவிட்டோம்.

இதை ஏற்க அவர் மனம் ஒப்பவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. ஊசி போடாமல், ஆனால் வலிக்கும் குமட்டலுக்கும் முழு மருந்து கொடுத்து, தன் போக்கில் போகவிடுவது. இதுவும் மரியாதையான வழிதான். ஒரு நிபந்தனை: மருத்துவர் எந்த நேரமும் வரக்கூடியவராக இருக்க வேண்டும். சிறுநீரகம் முற்றிலும் நின்றுபோனால் கடைசியில் வலிப்பு வரலாம். அது நடுராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் என்ன செய்வோம் என்பதை முன்கூட்டியே பேசி வைக்காமல் இந்த வழியில் இறங்காதீர்கள். மருந்தும் கொடுக்காமல், முடிவும் எடுக்காமல், பார்க்கச் சகிக்காமல் கதவைச் சாத்திக்கொள்ளும் மூன்றாவது வழியும் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு அகிம்சை என்று பெயர் வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஊசி என்று முடிவானால் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாததுதான் அதிகம் பயமுறுத்துகிறது. முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்து ரத்த நாளத்தில் ஊசிக்குழாய் பொருத்துவோம். முதலில் மயக்க மருந்து. அது ஆழ்ந்து தூங்கிய பிறகு பென்டோபார்பிட்டால் என்ற மருந்து, அளவுக்கு மிக அதிகமாக. சில நொடிகளில் நினைவு முழுக்கப் போய்விடும். பிறகு மூச்சு நிற்கும், சில நிமிடங்களுக்குள் இதயம் நிற்கும். கண் மூடாது, திறந்தே இருக்கும். சில சமயம் ஒன்றிரண்டு பெருமூச்சு வரும், தசை துடிக்கும், சிறுநீர் போகும். இதைப் பார்த்து "இன்னும் உயிர் இருக்கிறது, வலிக்கிறது" என்று பதறுவார்கள். அந்த நேரத்தில் அதற்கு எதுவும் தெரியாது. மயக்க மருந்து கொடுக்காமல் நேரடியாக வேறு ஏதாவது ஊசியைப் போட்டு முடிப்பதாக யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். என்ன மருந்து, எந்த வரிசையில் என்று கேட்பது உங்கள் உரிமை.

இனி எலி.

இங்கே நான் கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகிறேன். எலியைக் கொன்றதற்காக இல்லை. எலியை வெளியேற்ற உங்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. எலியின் சிறுநீர் வழியே பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல், உலகம் முழுக்க ஆண்டுக்குப் 10 லட்சம் பேருக்கு மேல் தாக்குகிறது என்றும் சுமார் 59,000 பேரைக் கொல்கிறது என்றும் 2015-ல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. நாய்க்கும் அது வரும். வந்தால் சிறுநீரகத்தைத்தான் முதலில் தாக்கும். குழந்தையும் நோயாளி நாயும் உள்ள வீட்டில் எலி திரிய விட முடியாது. அதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

என் கோபம் பசை அட்டையின் மீது. அது எலியைக் கொல்லும் கருவியே அல்ல. எலியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கொல்வது பயம், தாகம், களைப்பு. விடுபடப் போராடும்போது ரோமமும் தோலும் பிய்யும். முகம் பசையில் பதிந்தால் மூச்சு முட்டும். சில எலிகள் சிக்கிய காலைத் தானே கடிக்கும். இது சில மணி நேரத்தில் முடியலாம், ஒரு நாளுக்கு மேலும் நீளலாம். நீங்கள் இரவு முழுக்கக் கேட்டது அதைத்தான். நியூசிலாந்து 2015-ல் இதன் விற்பனையையும் பயன்பாட்டையும் கட்டுப்படுத்தியது. இங்கிலாந்தில் 2022-ல் சட்டம் இயற்றப்பட்டு, 2024 ஜூலை முதல் உரிமம் இல்லாதவர்கள் வைப்பது குற்றம். காரணம் எலிப்பாசம் இல்லை; வேறு வழிகள் இருக்கும்போது இப்படி ஒரு சாவுக்கு நியாயம் சொல்ல முடியாது என்பதுதான்.

எலிக்கு அவ்வளவு தெரியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சோதனையைச் சொல்வேன். 2011-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில், ஓர் எலியைச் சிறு குழாய்க்குள் அடைத்து, அதோடு பழகிய இன்னோர் எலியை வெளியே விட்டார்கள். குழாயின் கதவை வெளியிலிருந்து மட்டுமே திறக்க முடியும். சில நாட்களில் வெளியே இருந்த எலி திறக்கக் கற்றுக்கொண்டு, தோழனை விடுவித்தது. பக்கத்தில் இன்னொரு குழாயில் சாக்லெட் வைத்தபோது இரண்டையும் திறந்தது. சாக்லெட் முழுவதையும் தானே தின்னாமல் பல முறை தோழனுக்கும் மிச்சம் வைத்தது. மணிக்கு வலிக்கும் என்று நம்புகிற எந்தக் காரணத்தை எடுத்தாலும் அது எலிக்கும் பொருந்தும். மூளையின் அமைப்பிலும் வலி நரம்புகளிலும் இரண்டும் நெருங்கிய சொந்தம். மணிக்குப் பெயர் இருக்கிறது, எலிக்கு இல்லை. உங்கள் மகள் பார்த்தது அதைத்தான்.

அப்படியானால் எலி மருந்து பரவாயில்லையா? கண்ணில் படாது என்பதைத் தவிர வேறு நன்மை எனக்குத் தெரியவில்லை. கடைகளில் கேக் வடிவில் வரும் பெரும்பாலான மருந்துகள் ரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற உடனே எதுவும் ஆகாது. தின்றதும் வயிற்றைப் புரட்டினால் எலி அடுத்த முறை தொடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். உடம்பில் இருக்கும் உறைபொருள் தீர்ந்த பிறகு உள்ளுக்குள் ரத்தம் கசியத் தொடங்கும். மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகலாம். அந்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் விஷம் ஏறும். மணியே தின்றாலும் ஆபத்துதான். அதற்காவது வைட்டமின் கே என்ற மாற்று மருந்து இருக்கிறது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசைக்கு மாற்று மருந்தே கிடையாது, கல்லீரலைக் கருக்கிவிடும். குழந்தை உள்ள வீட்டில் அதை வாசலுக்குள்ளேயே விடாதீர்கள்.

உயிரோடு பிடிக்கும் கூண்டு நல்லதுதானே என்று மென்மையான மனம் கொண்டவர்கள் கேட்பார்கள். பாதி நல்லது. பிடித்ததை எங்கே விடுவது? பக்கத்தில் விட்டால் திரும்பி வரும். தூரத்தில் விட்டால், வளை தெரியாது, இரை இருக்கும் இடம் தெரியாது, ஏற்கெனவே அங்கிருக்கும் எலிகள் துரத்தும். பெரும்பாலும் பிழைக்காது. நம் கண்ணுக்கு முன்னால் சாகவில்லை என்பதுதான் மிச்சம். கூண்டோடு தண்ணீரில் அமுக்குவதும் உண்டு. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி நெறிகள் மூழ்கடிப்பதை ஏற்கவே முடியாத முறைகளில் வைத்திருக்கின்றன. எலி நன்றாக நீந்தும், சாவு நீளும்.

கொன்றுதான் ஆக வேண்டும் என்றால் அடித்துக் கொல்லும் பழைய விசைப்பொறிதான் இருப்பவற்றில் குறைந்த கொடுமை. கழுத்தில் சரியாக விழுந்தால் நொடிகளில் முடியும். சரியாக விழ வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சுண்டெலிக்கான சின்னப் பொறியைப் பெரிய எலிக்கு வைத்தால் கால்தான் மாட்டும். எலி சுவரை ஒட்டித்தான் ஓடும். பொறியைச் சுவருக்குக் குறுக்காக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். புதுப் பொருளைக் கண்டால் எலி சில நாள் சந்தேகப்படும். அதனால் முதல் சில நாட்களுக்கு விசையை ஏற்றாமல் இரை மட்டும் வைத்துப் பழக்கிவிட்டு, அப்புறம் ஏற்றுங்கள். காலையும் மாலையும் போய்ப் பாருங்கள். மணியும் மகளும் எட்டாதபடி ஒரு பெட்டிக்குள் வையுங்கள்.

ஆனால் பொறிக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையை நீங்கள் இன்னும் செய்யவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. மணி சாப்பாட்டைத் தொடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் பசி வந்தால் தின்னட்டும் என்று கிண்ணத்தை ராத்திரி அப்படியே விட்டு வைக்கிறீர்களா? நோயாளி நாய் இருக்கும் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். எலிகளுக்கு அது தினசரி விருந்து. இரவில் கிண்ணத்தை எடுத்து மூடி வைத்துவிடுங்கள். பசித்தால் எழுந்து கொடுத்துக்கொள்ளலாம். உலர்ந்த நாய் உணவைப் பையோடு வைக்காமல் தகர டப்பாவில் கொட்டி மூடுங்கள்.

எலிகளின் எண்ணிக்கையை முடிவு செய்வது பொறியோ மருந்தோ அல்ல, கிடைக்கும் தீனியும் ஒளிய இருக்கும் இடமும்தான். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1940-களில் நடந்த ஆய்வுகளிலேயே இது தெளிவாகிவிட்டது. விஷம் வைத்துக் கொன்ற தெருக்களில் எலிகள் மறுபடி பழைய எண்ணிக்கைக்கே வந்தன. குப்பையையும் இடுக்குகளையும் ஒழித்த இடங்களில்தான் குறைந்தன, குறைந்தபடியே இருந்தன. பெண் எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம்தான். கொன்ற இடத்தை நிரப்ப அதற்கு நேரம் ஆகாது. இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. பாலூட்டும் தாயை நீங்கள் எவ்வளவு சுத்தமாகக் கொன்றாலும், வளையில் கண் திறக்காத குட்டிகள் பசியில் கிடந்து சாகும். அந்தக் கணக்கை யாரும் எழுதுவதில்லை.

எனவே ஓட்டைகளைத் தேடுங்கள். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து போதும். எலிக்குக் கட்டை விரல் நுழையும் துளை போதும். குழாய் சுவருக்குள் போகும் இடம், கதவின் அடிப்பகுதி, ஜன்னல் வலையின் மூலை, சாமான் அறையின் பரண். துணியோ மரமோ பிளாஸ்டிக்கோ வைத்து அடைத்தால் கடித்துவிடும். இரும்புக் கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள். இதைச் செய்து முடித்த பிறகு, உள்ளே மாட்டிக்கொண்ட ஒன்றிரண்டுக்குத்தான் பொறி தேவைப்படும். ஒருமுறை இரண்டு எலியைக் கொல்வதற்கும் வருடம் முழுக்க வாரம் ஒன்றைக் கொல்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இரக்கம் என்று நான் சொல்வது இங்கே சிமெண்டும் கம்பி நாரும்தான். உணர்ச்சியாக ஒன்றும் இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

கொசு, கரப்பான், எறும்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இதைப் படிக்கும் யாராவது கேட்பார்கள். பூச்சிகளுக்கு வலி எந்த அளவுக்கு உண்டு என்பதில் அறிவியல் இன்னும் முடிவுக்கு வரவில்லை. மலேரியாவினால் மட்டும் 2023-ல் ஏறத்தாழ 5,97,000 பேர் இறந்திருக்கிறார்கள், பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். கொசுவை அடிப்பதில் எனக்கு உறுத்தல் இல்லை. இருந்தாலும் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது ஆயிரம் கொசுவை அடிப்பதைவிடப் பயன் தரும் என்பதால், அங்கேயும் அதே வரிசைதான்: முதலில் இடம் கொடுக்காமல் இருப்பது, அப்புறம் அடிப்பது.

மறுபடி அந்தக் காலை நேரத்துக்கு வருகிறேன். எலியை மடித்துக் குப்பையில் போட்டதை நீங்கள் எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதியிருக்கிறீர்கள். மனம் மரத்துப்போனவர்கள் அதை எழுத மாட்டார்கள். அடுத்து எப்போதாவது இப்படி ஒரு பிராணி மாட்டியிருப்பதைப் பார்த்தால், கெட்டியான கையுறை போட்டுக்கொண்டு, தலையைத் துணியால் மூடி, ஒட்டிய இடங்களில் சமையல் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் தேய்த்தால் பசை இளகும். பல்லி, குருவி, பூனைக்குட்டி எல்லாமே இதில் மாட்டுகின்றன. மோசமாகக் காயப்பட்டிருந்தால் அட்டையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். எலியைக் கொண்டுவந்தீர்களா என்று சிரிக்க மாட்டோம். சில நிமிட வேலை அது. வீட்டில் மிச்சம் இருக்கும் அட்டைகளை ஒட்டும் பக்கங்கள் ஒன்றோடொன்று சேரும்படி அழுத்தி மூடிய பிறகு தூக்கிப் போடுங்கள். திறந்தபடி போட்டால் குப்பை மேட்டில் அதன் வேலையைத் தொடரும்.

உங்கள் மகளுக்கு என்ன சொல்வது? மணிக்கு உடம்பு இனிச் சரியாகாது, அது படும் கஷ்டத்தை நிறுத்த நமக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான், அதற்காகச் செய்கிறோம் என்று சொல்லுங்கள். எலியை நமக்கு நோய் வராமல் இருக்கக் கொல்கிறோம், அது எலிக்கு நல்லது இல்லை, அதனால் முடிந்தவரை கொல்லாமல் வெளியிலேயே நிறுத்தப் பார்க்கிறோம், பசை அட்டை இனி இந்த வீட்டில் கிடையாது என்றும் சொல்லுங்கள். 9 வயதுக்கு இது புரியும். "மணி தூங்கப் போகிறான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிக் கேட்ட குழந்தைகள் அப்புறம் தூங்கவே பயப்படுவார்கள். செத்துவிடுவான், திரும்பி வர மாட்டான் என்று நேராகச் சொல்லிவிடலாம்.

ஊசி போடும்போது கூட இருக்க வேண்டுமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். இருக்கிறேன் என்றால், கண் திறந்தே இருக்கும், கடைசியில் மூச்சு இழுக்கலாம் என்பதையெல்லாம் முன்பே சொல்லி வையுங்கள். நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் அவளை வெளியே கூட்டிப்போக ஒரு பெரியவர் தயாராக இருக்க வேண்டும். நீங்கள் மணியோடு இருப்பீர்கள். அந்தப் பொறுப்பை மாமனாரிடம் கொடுத்துப் பாருங்கள். ஊசியில் உடன்பாடு இல்லாவிட்டாலும் பேத்தியின் கையைப் பிடித்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்ல மாட்டார்.